வெள்ளிக்கிழமை பற்றாத கணப்பு

அத்தியாயம் 6

“எரியாத கணப்புக்கு எதுக்கும்மா துப்பறியிற ஆளு?” என்று ஊர்ப் பாதிரியார் ஒரு தடவை நிவேஸைக் கேட்டார்.

“எரிஞ்ச வீட்டை யாரு எரிச்சதுன்னு கண்டுபிடிக்க போலீஸ் இருக்கு, ஃபாதர். எரியாத கணப்பை யாரு எரிய விடலைன்னு கண்டுபிடிக்க நான் ஒருத்திதான் இருக்கேன்” என்றாள் நிவேஸ்.

பாதிரியார் வாய்விட்டுச் சிரித்தார். பிரசங்கம் நீளும் என்று தெரிந்த ஞாயிறுகளில் மட்டும் கோயில் கணப்பின் பிளக்கைப் பிடுங்கி வைத்தது மணியடிக்கிற கோயில்பிள்ளைதான் என்று அடுத்த வாரமே அவள் கண்டுபிடித்துச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பிரசங்கத்தையும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார். ஊர் நிவேஸுக்கு நன்றி சொன்னது.

கணப்பு மெக்கானிக் நிவேஸ் தல்போனுக்கு வயது முப்பத்தொன்பது. அகோர்தோ பள்ளத்தாக்கில் பெல்லட் கணப்பு வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் பொய் சொல்வார்கள் என்பதும் தெரியும். பெல்லட் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த சுண்டுவிரல் குச்சி. கணப்பு அதைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும், தானே பற்றவைத்துக்கொள்ளும், பற்றாவிட்டால் தானே அழும். மனிதன் செய்ய வேண்டியதெல்லாம் தினமும் சாம்பலை அள்ளுவது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் மனிதன் செய்ய மாட்டான்.

அவளுக்கு உதவியாளர் லோரிஸ். முப்பத்தோரு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வாய் மட்டும் இன்னும் ஓய்வுக்கு விண்ணப்பம் போடவில்லை.

“தலைவரே, சோப்பெல்சா வீட்டுக்கு இது நாலாவது தடவை” என்றார் லோரிஸ். சாம்பல் உறிஞ்சும் மெஷின் அவர் மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. வேன் பனிமேட்டுக்கு நடுவில் முனகிக்கொண்டு ஏறியது. “மூணு தடவையும் நாம போய் நின்ன உடனே குப்புன்னு பத்திக்கிச்சு. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குற பிள்ளை மாதிரி.”

“அதான் இன்னிக்கு வெள்ளிக்கிழமையா பார்த்துப் போறோம்.”

“வெள்ளிக்கிழமையில என்ன விசேஷம்?”

நிவேஸ் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“கணப்புக்கு ஞாபகசக்தி உண்டு. ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினா, கடைசிப் பத்து கோளாறையும் தேதி நேரத்தோட ஒப்பிக்கும். செவ்வாய்க்கிழமை கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன். படிங்க.”

லோரிஸ் காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். “நவம்பர் இருபத்தெட்டு. டிசம்பர் அஞ்சு, பன்னண்டு, பத்தொம்பது. ஜனவரி ஒம்பது. எல்லாமே காலையில பதினொன்னே முக்கால். எல்லாத்துலயும் ஒரே புகார், ‘பற்றவில்லை’.” விரல் விட்டு எண்ணினார். “அடப்பாவி. அத்தனையும் வெள்ளிக்கிழமை. இது என்ன விரதம் இருக்குதா? எங்க பெரியம்மாவுக்கே இவ்வளவு பக்தி கிடையாது.”

“டிசம்பர் இருபத்தாறும் ஜனவரி ரெண்டும் கூட வெள்ளிதான். அன்னிக்கு ஒழுங்காப் பத்தியிருக்கு.”

“பண்டிகைக்கு விரதத்துல இருந்து விலக்கு போல.”

நிவேஸ் சிரிக்கவில்லை. முதல் தடவை போனபோது, பற்றவைக்கும் கம்பியில்தான் கோளாறு என்று அதைக் கழற்றிப் புதிது மாட்டிவிட்டு வந்திருந்தாள். கழற்றியதைப் பட்டறையில் சோதித்தால் அது பொன்னாகச் சிவந்தது. வயிற்று வலிக்குப் பல்லைப் பிடுங்கிய கதை என்று லோரிஸ் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆனால் இப்போது அவளை அரித்தது அது இல்லை.

“ரோதிக்காவுக்கு இன்னிக்குக் கெடு” என்றாள்.

ரோதிக்கா, கிழவர் சோப்பெல்சாவைப் பார்த்துக்கொள்ளும் பெண். மொல்தோவா நாட்டிலிருந்து வந்தவள், ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருடமாக அந்த வீட்டு மாடியறையில் இருக்கிறாள். கிழவரின் மகள் மிலேனா போன வெள்ளிக்கிழமை அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை கணப்பு பற்றவில்லை என்றால், நெருப்பு விஷயத்தில் கவனம் இல்லாதவள் என்று அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு எழுதி, நிவேஸ் எழுதித் தரும் மெக்கானிக் சீட்டையும் சேர்த்து அனுப்பிவிடுவாளாம்.

“வேலை போகும். வேற வீடு பார்த்துக்க வேண்டியதுதான்” என்றார் லோரிஸ்.

“எந்த வீடு? ‘நெருப்புல கவனம் இல்ல’ன்னு ஒரு வரி அவ பேர்ல ஏறிட்டா, அதுக்கப்புறம் எந்தப் பிள்ளை தன் அப்பனை அவகிட்ட விட்டுட்டுப் போகும்?”

லோரிஸ் காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

*

ஒலிந்தோ சோப்பெல்சாவுக்கு எண்பத்தொரு வயது. நாற்பது வருடம் நிலம் அளந்து, வீட்டு பிளான் போடும் சர்வேயராக இருந்தவர். ‘சர்வேயர் சார்’ என்று கூப்பிட்டால் திரும்புவார். ஒலிந்தோ என்று கூப்பிட்டால் காது கேட்காது. சமையலறை மூலை பெஞ்சின் ஒரு நுனியில், முழங்காலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார்.

“வணக்கம், சர்வேயர் சார். பேப்பர்ல என்ன சேதி?” என்றார் லோரிஸ் உற்சாகமாக.

கிழவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அவ்வளவுதான். லோரிஸ் நிவேஸைப் பார்த்தார். ஊர் பாரில் பார்த்தால் முதுகில் தட்டுகிற மனிதர், வீட்டில் பார்த்தால் முகமே தெரியாதவர் மாதிரி இருக்கிறாரே என்று அந்தப் பார்வை கேட்டது. நிவேஸுக்கு அப்போது பதில் தெரியவில்லை.

ரோதிக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “காலையில ஏழு மணிக்கே சுத்தம் பண்ணிட்டேன், மேடம். நீங்களே பாருங்க” என்றாள்.

அந்த நேரம் வாசல் கதவு படீரென்று திறந்தது. மிலேனா வந்தாள். கீழே பெல்லூனோ டவுனில் மருந்துக்கடை வைத்திருப்பவள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. விடுமுறை நாளில் அப்பாவுக்கு மத்தி மீன் வறுத்துக் கொடுப்பது அவளுடைய தியாகம். அதைத் தியாகம் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை, அவள்தான் சொல்வாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிய பச்சை மஃப்ளர், கையில் மீன் பொட்டலம்.

“வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு உங்க கண்ணாலயே பாருங்க” என்றாள். “அப்பா, முத்தம்.”

கிழவர் பேப்பருக்கு வெளியே ஒரு கன்னத்தை மட்டும் நீட்டினார்.

“இன்னிக்கும் பத்தலைன்னா, நிவேஸ், உங்க சீட்டுல ‘பராமரிப்பவரின் கவனக்குறைவு’ன்னு எழுதிடுங்க. எனக்கு அது எழுத்துல வேணும். நான் யார் மேலயும் வன்மத்துல பேசுறவ இல்ல.”

“அதான் எழுத்துல கேக்குறாங்க” என்றார் லோரிஸ் கணப்பைப் பார்த்துக்கொண்டு.

மிலேனா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பெஞ்சின் மறு நுனியில், சுவர் ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள். உட்கார்ந்தவள் மெத்தையைச் சரிசெய்தாள், பின்னால் சாய்ந்தாள், மறுபடி சரிசெய்தாள். நாற்காலியில் உட்காரும் பூனை இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது என்று நிவேஸ் நினைத்தாள். நினைத்ததை மறந்துவிட்டு, கணப்பின் முன் மண்டியிட்டாள்.

குற்றவாளிகள் வழக்கமாக நாலு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

முதல் ஆள், எரிகிண்ணம். குச்சி விழுந்து எரியும் சிறு இரும்புக் கிண்ணம். அடியில் உள்ள துளைகள் கரியால் அடைத்துக்கொண்டால் தீ பிடிக்காது. நிவேஸ் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு துளையும் பளிச்சென்று தெரிந்தது.

“எதால குத்துவீங்க?”

“பின்னல் ஊசியால” என்றாள் ரோதிக்கா.

“என் பல்லு இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல” என்றார் லோரிஸ். “கிண்ணம் விடுதலை.”

இரண்டாவது ஆள், பற்றவைக்கும் கம்பி. ஒன்றரை நிமிடத்தில் செர்ரிப் பழமாகச் சிவந்தது. மூன்றாவது ஆள், குச்சி. ஈரம் பட்டதோ என்று சோதிக்க ஒரு பிடி எடுத்து கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டாள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. ஈரமும் இல்லை, கலப்படமும் இல்லை. நாலாவது ஆள், புகைக்குழாய். லோரிஸ் அடியில் கண்ணாடியை வைத்து எட்டிப் பார்த்தார்.

“வானம் தெரியுது, தலைவரே. நீலமா இருக்கு. ஒரு காக்கா போகுது. சந்தேகப்படும்படியா ஒண்ணும் பண்ணல.”

“அப்ப நாலு பேரும் நிரபராதியா?” என்றாள் மிலேனா. மாவில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “அஞ்சாவது ஆள் ஒருத்தி இருக்கா. அவளைக் கேளுங்க.”

ரோதிக்கா உருளைக்கிழங்கைப் பார்த்தபடியே, “ரெண்டு வெள்ளிக்கிழமை ஒழுங்கா எரிஞ்சுதே, மேடம்” என்றாள்.

“எந்த ரெண்டு?” என்று நிவேஸ் கேட்டாள். பதில் தெரிந்துகொண்டே கேட்டாள்.

“கிறிஸ்மஸுக்கு மறுநாள். அப்புறம் புது வருஷம் பொறந்து ரெண்டாம் நாள். அந்த ரெண்டு வாரமும் மிலேனா மேடம் ஊர்ல இல்ல. வெயில் காயக் கனாரித் தீவுக்குப் போயிருந்தாங்க.”

எண்ணெய் சட்டியில் முதல் மீன் விழுந்து சீறியது. மிலேனா அடுப்புக்கு மேலே இருந்த எக்ஸாஸ்டை மூன்றாம் வேகத்துக்குத் தள்ளினாள். விமானம் கிளம்புகிற சத்தம் கேட்டது.

“என்னது? நான் தீவுக்குப் போனதுக்கும் இவ கணப்பைக் கெடுக்குறதுக்கும் என்ன சம்பந்தம்? சத்தமாப் பேசு, கேக்கல.”

ரோதிக்கா அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தாள்.

*

பதினொன்றரை. கணப்பு தன் கடிகாரப்படி தானே கண் விழித்தது. குச்சிகள் கடகடவென்று கிண்ணத்தில் விழுந்தன. கம்பி சிவந்தது. நால்வரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள். கிழவர் மட்டும் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்தார்.

குச்சிகள் ஓரத்தில் கறுத்தன. வெள்ளைப் புகை எழுந்தது. புகை குழாய்ப் பக்கம் போகாமல், எங்கே போவது என்று தெரியாமல் கிண்ணத்தின் மேலேயே சுற்றியது. கண்ணாடி பழுப்பேறியது. தீ வரவில்லை. ரோதிக்காவின் உதடுகள் அசைந்தன. பிரார்த்தனையாக இருக்கலாம். பதினொன்றே முக்காலுக்கு அது பலிக்கவில்லை என்று கணப்பு மூன்று தடவை கூவிச் சொன்னது.

“எழுதுங்க” என்றாள் மிலேனா. கரண்டியை ஒரு பேனா மாதிரி நீட்டினாள்.

நிவேஸ் எழுந்திருக்கவில்லை. கணப்புக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்து இடுக்கில் காட்டினாள். குச்சி நெருப்பு கணப்புக்குள்ளே சாய வேண்டும். அது வெளியே, சமையல் அடுப்புப் பக்கமாகச் சாய்ந்து படுத்தது.

“இதுக்கும் மத்தி மீன் மேல ஆசை போல” என்றார் லோரிஸ்.

“ஆசை இல்ல, இழுக்குறாங்க” என்றாள் நிவேஸ். “கணப்புக்கு மூச்சு விட இந்த ரூம் காத்து வேணும். எக்ஸாஸ்ட்டு அதே காத்தை வெளியே தள்ளுது. ஜன்னல் எல்லாம் புதுசு, ஊசி நுழைய இடம் இல்ல. இருக்குற காத்துக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாங்க. மோட்டார் பெரிசா இருக்கறவன் ஜெயிக்கிறான்.”

“எக்ஸாஸ்ட்டு போட்டது குத்தமா? ஊர்ல எல்லாரும்தான் போடுறாங்க. போடலைன்னா என் கோட்டு பூரா மீன் நாத்தம் அடிக்கும்.”

“குத்தம் இல்ல, மேடம். அதுக்குத்தான் கணப்பு வைக்கிற ரூம் சுவத்துல ஒரு ஓட்டை போடணும்னு விதி. இந்த ரூம்ல ஓட்டை எங்க இருக்கு, சர்வேயர் சார்?”

கிழவர் பேப்பரைப் புரட்டினார். “இருக்கு. பிளான்ல வரைஞ்சு முத்திரை போட்டிருக்கேன்.”

“பிளான்ல இருக்கற ஓட்டையில காத்து வராது.”

நிவேஸ் ஆணியைப் பார்த்தாள். ஆணியில் வெள்ளைக் கோட்டு தொங்கியது. கோட்டு மட்டும்தான் தொங்கியது.

“மேடம், நீங்க உள்ளே வரும்போது கழுத்துல பச்சை மஃப்ளர் இருந்துச்சு. அது எங்க?”

மிலேனாவின் கை அவளைக் கேட்காமலே கழுத்துக்குப் போனது.

லோரிஸ் அதற்குள் மண்டியிட்டிருந்தார். பெஞ்சின் மெத்தையை நகர்த்தி, பின்னால் கைவிட்டு, சுவரின் அடியிலிருந்த சல்லடை மூடிக்குள் விரலை நுழைத்து இழுத்தார். மந்திரவாதி தொப்பியிலிருந்து வருவது மாதிரி பச்சை மஃப்ளர் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசி முனை வெளியே வந்ததும் சுவர் விசில் அடித்தது. பனிக்காற்று தரையோடு உள்ளே ஓடிவந்தது.

“தலைவரே, என் வாழ்நாள்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்ல” என்றார். “கொலை பண்ணின ஆயுதம், வாராவாரம் கொலைகாரி கழுத்துலயே ஏறி உட்கார்ந்து, சாட்சிகளுக்கு டாட்டா காட்டிட்டுப் போயிருக்கு. சனிக்கிழமை நாம வந்து தேடினா என்ன கிடைக்கும்? ஓட்டைதான் கிடைக்கும்.”

“கொலையாம், கொலை” என்றாள் மிலேனா. முகம் சட்டியை விடச் சூடாக இருந்தது. “நான் உக்காருற இடத்துல அந்தக் காத்து முதுகு வழியா ஏறி பிடரியில வந்து குத்துது. மருந்துக்கடைக்காரி நான், எனக்குத் தெரியாதா? கழுத்துல குளிர்காத்து பட்டா மூணு நாளைக்குத் தலையைத் திருப்ப முடியாது. அப்புறம் காய்ச்சல். அப்புறம் காது வலி. நீங்க உக்காருவீங்களா அங்க?”

லோரிஸின் கை தன்னையறியாமல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டது. நிவேஸும் ஒரு அடி தள்ளி நின்றாள். இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் நெருப்பைக் கண்டு பயம் இல்லை. பிடரியில் படும் காற்றைக் கண்டுதான் பயம். அந்தப் பயத்துக்கு வாதாட எந்த வீட்டிலும் ஒரு வக்கீல் இருப்பார்.

“கழுத்தைக் காப்பாத்துங்க, வேண்டாங்கல” என்றாள் நிவேஸ். “மஃப்ளரைக் கழுத்துலயே போட்டுக்கிட்டு உக்காருங்க. அதுக்குத்தானே அதைப் பின்னினாங்க.”

ரோதிக்கா எரியாத குச்சிகளை அள்ளிக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தாள். நிவேஸ் பட்டனை அமுக்கினாள். எக்ஸாஸ்டை நிறுத்தவில்லை. வேண்டுமென்றே மூன்றாம் வேகத்திலேயே விட்டாள். ஐந்து நிமிடம் போனது. ஆறு. ஏழாவது நிமிடம் புகைக்கு நடுவில் ஒரு மஞ்சள் நாக்கு எட்டிப் பார்த்தது. அடுத்த மூச்சில் கிண்ணம் முழுவதும் தீ.

ரோதிக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக மற்றவர்கள் நிற்கும்போது உட்கார்ந்தாள்.

நிவேஸ் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். கோளாறு என்ற இடத்தில் ‘பற்றவில்லை’ என்று எழுதினாள். காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது மிலேனா எட்டிப் பார்த்தாள்.

“மஃப்ளர்னு எல்லாம் எழுத வேண்டாம். ‘காற்றோட்டக் குறைவு’ன்னு போடுங்க. டீசன்ட்டா இருக்கும்.”

“யாருடைய மஃப்ளர்னும் எழுதப் போறேன், மேடம்.”

“அப்ப நான் கையெழுத்து போட மாட்டேன்.”

“வீட்டுக்காரர் போட்டா போதும். வீடு சர்வேயர் பேர்லதானே இருக்கு?”

கிழவர் சந்தோஷமாகப் பேனாவை வாங்கி, ‘சர்வேயர்’ என்பதைப் பெயரை விடப் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகளை யாரோ மடக்குவது அவருக்குப் பிடித்திருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது நிவேஸ் அதை வாங்கவில்லை.

“ஒரு கேள்வி மிச்சம் இருக்கு, சார். வாரத்துல ஆறு நாள் இதே பெஞ்சுல உக்காருறீங்க. செவ்வாய்க்கிழமை நான் வந்தப்ப, கால்ல சில்லுனு காத்து அடிக்குதுன்னு என்கிட்டயே சொன்னீங்க. அதான் முழங்காலுக்குக் கம்பளி. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தக் காத்து நின்னுடுது. ஓட்டையை வரைஞ்சதே நீங்க. உங்களுக்குத் தெரியாமயா இருந்துச்சு?”

“வயசாச்சும்மா. காலு மரத்துப் போச்சு.”

யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு இருமல் வந்தது. லோரிஸ். மஃப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்ன பையன் மாதிரி நின்றார்.

“தலைவரே, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா எனக்கு ஜோடி போயிடும்.”

“என்ன ஜோடி?”

“சீட்டாட்ட ஜோடி. வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பார்ல ஆட்டம். நாலாவது கை சர்வேயர் சார்தான். நவம்பர் கடைசி வரைக்கும் ஒரு வெள்ளி கூட வர மாட்டார். மக வீட்ல இருக்கா, ஆறு மணி வரைக்கும் நகர மாட்டேங்கிறான்னு தகவல் வரும். அதுக்கப்புறம் ஒரு வாரம் தவறினதில்ல. நான் என்னமோ இவருக்கு என் மேல பாசம் வந்துடுச்சுன்னு நெனைச்சேன்.”

நிவேஸ் எட்டி எக்ஸாஸ்டை நிறுத்தினாள்.

“வீடு குளிர்ந்துட்டா மக ரெண்டு மணிக்கே கிளம்பிடுவா” என்றாள் நிதானமாக. “கூடவே மஃப்ளரும் போயிடும். ரோதிக்கா மறுபடி பட்டனைப் போட்டா கணப்பு பத்திக்கும். நீங்க மூணு மணிக்குப் பார்ல இருப்பீங்க.”

கிழவர் பேப்பரை நாலாக மடித்தார். மறுக்கவில்லை. அவருக்கு மறுக்கத் தோன்றவும் இல்லை.

“நான் அடைக்கலையே” என்றார். “அவ அடைச்சா. நான் சும்மா இருந்தேன். சும்மா இருக்கறது குத்தம்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?”

“அப்பா, சீட்டா? டாக்டர் பார்ப் பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னாரே” என்றாள் மிலேனா.

“டாக்டரே எதிர் ஜோடியில உக்காந்துதான் ஆடுறாரு.”

ரோதிக்கா அதுவரை கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

“போன வெள்ளிக்கிழமை மேடம் ஏஜென்சிக்கு எழுதப் போறேன்னு சொன்னப்ப, ஐயா இங்கதான் உக்காந்திருந்தீங்க.”

“இருந்தேன்” என்றார் கிழவர். “அவ எப்பவும் கத்துறவதானே. ஏதோ மிரட்டுறான்னு விட்டுட்டேன். வாரத்துல ஒரு நாள், ரோதிக்கா. மூணே மூணு மணி நேரம். உனக்குப் புரியாதா?”

நிவேஸ் சீட்டின் நகலைக் கிழித்து ரோதிக்காவிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கி, அந்நிய மொழியை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் செய்வது மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். காரணம் என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அவள் போனதை வீட்டுக்காரர்கள் கவனிக்கவில்லை.

“என்னை ரெண்டு மணிக்கு விரட்டுறதுக்காக மூணு மாசம் குளிர்ல உக்காந்திருந்தீங்களா, அப்பா?”

“ஒண்ணரை மாசம்தான். நடுவுல நீ தீவுக்குப் போயிட்ட. அந்த ரெண்டு வாரம் சொர்க்கம்.”

“மீன் யாருக்காக வறுக்குறேன்?”

“அதைத்தான் நானும் அஞ்சு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன். எனக்கு மத்தி ஆகாது. முள்ளு.”

மாடியில் ஒரு டிராயர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. நிவேஸும் லோரிஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மஃப்ளரை மிலேனாவின் கையில் கொடுத்துவிட்டு, கருவிகளைப் பெட்டியில் மெதுவாக அடுக்கினார்கள். அவசரப்பட இருவருக்கும் மனமில்லை.

மாடிப்படியில் காலடி கேட்டதும் மிலேனா திரும்பிப் பார்க்காமலே மஃப்ளரை நீட்டினாள். “ரோதிக்கா, இதைக் கையால துவைச்சுப் போடு. மெஷின்ல போட்டா சுருங்கிடும்.”

“அதுக்கு முந்தி எனக்கு ஒரு காப்பி” என்றார் கிழவர்.

யாரும் மஃப்ளரை வாங்கவில்லை. மிலேனாவின் கை அப்படியே நீண்டிருந்தது. அப்புறம்தான் அவள் திரும்பினாள்.

ரோதிக்கா கோட்டும் பூட்ஸும் போட்டிருந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. ஏப்ரனை மடித்து மேசை மேல், உரித்த உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் மிலேனா. “அதான் உன் மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சே. யாரு உன்னைப் போகச் சொன்னா?”

“ஏம்மா, கோவமா?” என்றார் கிழவர். கம்பளி முழங்காலிலிருந்து நழுவியது. முதல் தடவையாக அவர் குரலில் எண்பத்தொரு வயது தெரிந்தது. “நாளைக்குச் சாம்பல் யாரு அள்ளுறது?”

லோரிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னண்டே முக்காலுக்குப் பெல்லூனோ பஸ். தைரியமாப் போங்கம்மா, நேரத்துக்கு வந்துடும். இப்ப ஓட்டுறது நான் இல்ல.”

ரோதிக்கா அவருக்குத் தலையை மட்டும் அசைத்தாள். நிவேஸின் கையை ஒரு கணம் பிடித்து விட்டாள். மற்ற இருவரையும், கண்ணாடிக்குப் பின்னால் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த தீயையும், ஒரு வாடகை வீட்டைக் காலி செய்கிறவள் மாதிரி ஒருமுறை பார்த்தாள். கதவைத் திறந்தாள். சத்தம் வராதபடி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.